தண்ணீர் ஊற்றும் பெண்ணின் முகம்

நான் ஓய்வுபெற்று ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இரண்டு மாதத்துக்கு முன் என் பழைய லேபில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு கையேடு தயாரிக்கிறார்களாம். "சார், அந்த க்ளீனர் கதையை நீங்களே எழுதித் தாருங்கள். நீங்கள் சொன்னால்தான் மனதில் நிற்கும்" என்று கேட்டிருந்தார்கள்.

அந்தக் கதையைப் பல வருடங்கள் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட நடந்தபடி சொன்னதில்லை. இப்போது நடந்தபடி எழுதுகிறேன். கையேட்டில் போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

எங்கள் ஊர் கடலோரம். அங்கே வளைகுடா என்றால் கடை என்றுதான் அர்த்தம். என் வாப்பா ரியாத்தில் பத்தா கடைத்தெருவில் துணி வியாபாரம் பார்த்தவர். நான் வேதியியல் படித்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு பழைய ஓவியங்களைப் பாதுகாக்கும் படிப்பில் சேர்ந்தபோது, "செவுத்துல இருக்குற சித்திரத்துக்கு மருந்து போடுறது ஒரு தொழிலா நைனா?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார். மூன்று வருடம் தமிழ்நாட்டில் கோயில் விதானங்களுக்குக் கீழே சாரத்தில் மல்லாந்து கிடந்தேன். அதன் பிறகு எமிரேட்ஸுக்குப் போய், பவளக்கல்லில் கட்டிய பழைய வீடுகளின் சுண்ணப்பூச்சைச் சரிசெய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கிருந்து ஒரு பெரிய மனிதர் தனக்கென்று கட்டிய அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. அவரை நாங்கள் அர்பாப் என்போம். இத்தாலியச் சுவரோவியங்கள் சில அவரிடம் இருந்ததால், என்னை ஒரு குளிர்காலம் முழுக்க இத்தாலிக்கு அனுப்பி, ஒரு தேவாலயத்தில் வேலை பழக வைத்தார்கள். குடும்பத்தோடு ஷார்ஜா ரோலாவில் ஃப்ளாட். மகள் அங்கேயே பள்ளிக்கூடம். என் படிப்பு இவ்வளவுதான்.

மற்றதெல்லாம் லூச்சியாவிடம் கற்றது. அவர்தான் லேபின் தலைவர், இத்தாலிக்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, நரைத்த குட்டை முடி. எந்த ஓவியத்தின் முன்னால் போனாலும் முதலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். கால் மணி நேரம் அப்படியே நிற்பார். எங்களையும் நிற்க வைப்பார். பிறகு ஒவ்வொருவரிடமும் என்ன பார்த்தாய் என்று கேட்பார். ஒருமுறை நான், "இங்கே ஈரம் ஏறியிருக்கிறது" என்றேன்.

"ஈரத்தைப் பார்த்தாயா?"

"இல்லை, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது."

"அப்படியானால் உப்பு என்று சொல். ஈரம் நீ நினைத்துக்கொண்டது."

அறிக்கையை முதலில் பென்சிலில் எழுதுவார். 'அநேகமாக', 'இருக்கலாம்' போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுவார். அதன் பிறகுதான் பேனா. கோபம் வந்தாலும் குரல் உயராது, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தால் லேபில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம்.

எங்களிடம் இருந்தவற்றில் லூச்சியா அதிகம் கவலைப்பட்ட ஓவியம் ஒன்று உண்டு. ஐந்நூறு வருடத்துக்கு முந்தையது. ஒரு பிரசவ அறை. கட்டிலில் தாய் சாய்ந்திருக்கிறாள், கீழே ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்திருக்கிறாள், இன்னொரு பெண் குனிந்து குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள். ஊற்றுகிறவளுக்குத் தன் வேலையில் மட்டுமே கவனம். உதட்டைக் கொஞ்சம் கடித்தபடி, தண்ணீர் குழந்தையின் முகத்தில் தெறித்துவிடக் கூடாதே என்று பார்ப்பவள் போல இருப்பாள்.

இந்த வகை ஓவியத்தை ஈரச் சுண்ணப்பூச்சின் மேல் வரைவார்கள். பூச்சு காயும்போது வண்ணமும் சுண்ணத்தோடு சேர்ந்து இறுகிவிடும். இந்த ஓவியம் இருந்த கட்டடம் இடியும் நிலைக்கு வந்தபோது, இத்தாலியில் யாரோ அதன் முகப்பில் பசை தடவி, துணி ஒட்டி, பசை காய்ந்து சுருங்கும்போது துணியோடு வண்ணப் படலத்தை மட்டும் உரித்து எடுத்திருக்கிறார்கள். வெங்காயத் தோல் அளவுதான் கனம். அதைப் பின்பக்கமாகக் கித்தானில் ஒட்டி, மரச் சட்டத்தில் அடித்திருந்தார்கள். ஒட்டிய பசை பாலிலிருந்து எடுத்தது, காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். ஆகவே அந்த அறையின் ஈரப்பதம் வருடம் முழுக்க ஒரே அளவில் இருக்க வேண்டும். ஓரத்தில் அதை அளந்து பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தோம். லூச்சியா தினமும் காலையில் டீ குடிப்பதற்கு முன் அதைப் பார்ப்பார்.

ஆகஸ்டில் பெருநாள் விடுமுறை வந்த வருடம் அது. மூன்று நாள் எல்லோருக்கும் லீவு. அந்த நேரத்தில் ஏ.சி. பிளான்ட்டில் பராமரிப்பு வேலை வைத்துக்கொள்ளலாம் என்று ஜெனரல் மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஓவிய அறைக்கு மட்டும் தனியாக மாற்று ஏற்பாடு வேண்டும் என்று லூச்சியா முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். யாரும் செய்யவில்லை. வளைகுடாவின் ஆகஸ்ட் காற்றை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்து நின்றால் மூக்குக் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். ஏ.சி. நின்றிருந்த மூன்று நாளும் அந்தக் காற்று உள்ளே இறங்கியது. விடுமுறை முடிகிற அன்று, மறுநாள் அர்பாபின் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஏ.சி.யை முழு வேகத்தில் போட்டுவிட்டார்கள். ஊறி உப்பியிருந்த பசையும் கித்தானும் ஒரேயடியாகக் காய்ந்து சுருங்கின. மேலே இருந்த வண்ணம் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டது.

மறுநாள் காலை நான் லேபைத் திறக்கும்போது செல்வராசு வாசலில் நின்றிருந்தார். ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர். துப்புரவு கம்பெனி ஆள், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருப்பவர். என் வயதுதான் இருக்கும். தமிழ் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். ஆனால் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் தன் சாப்பாட்டுத் தூக்கின் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் மேல் ஒரு காகிதத் தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தார்.

"பாய், அந்தக் கொடத்துக்காரம்மா படத்துக்குக் கீழ கலர் கலரா செதறிக் கெடந்துச்சு. காலைல தூசி இழுக்குற மெஷின் போட வந்தேன். இழுத்துட்டா போயிருமேன்னு மெஷின நிறுத்திட்டு ஒவ்வொண்ணா எடுத்துட்டேன்."

காகிதத் தட்டை எடுத்துப் பார்த்தேன். நகம் அளவில் சில, அரிசி அளவில் பல. ஒன்றில் உதட்டின் சிவப்பு.

"எப்படி எடுத்தீங்க?"

"வெரல லேசா ஈரமாக்கித் தரையில ஒத்தினேன். ஒட்டிக்கிச்சு. தரைய மட்டும்தான் தொட்டேன் பாய், படத்துக்கிட்ட போகல. போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல."

அறைக்கு ஓடினேன். தண்ணீர் ஊற்றுகிற பெண்ணுக்கு முகம் இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை உள்ளங்கை அளவுக்கு வெறும் கித்தான். சுற்றிலும் வண்ணம் காய்ந்த இலைகள் போலச் சுருண்டு, எந்த நேரமும் விழலாம் என்று நின்றது.

லூச்சியா வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்று கால் மணி நேரம் நிற்கவில்லை. கருவியில் இருந்த பதிவைப் பார்த்தார், அதைத் தாளில் அச்செடுத்துக் கோப்பில் வைத்தார், ஏ.சி.யின் வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் போன் செய்தார். பிறகு தூக்கு மூடியைப் பார்த்துவிட்டு, "இதை எடுத்தவரை நான் பார்க்க வேண்டும்" என்றார். செல்வராசுவை அழைத்து வந்தேன். லூச்சியா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். செல்வராசு தரையைக் காட்டிவிட்டு, கூச்சத்தோடு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் அந்த ஜெனரல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். தனியாக.

"நாளைக்கு இன்சூரன்ஸ் ஆள் வருகிறார். அந்த க்ளீனருக்கு ஆங்கிலம் வராது. நீதான் மொழிபெயர்க்க வேண்டும்" என்றார். நான் தலையாட்டினேன். "அவன் அந்தத் துண்டுகளைத் தொட்டிருக்கிறான், இல்லையா?"

"தொட்டான் சார், ஆனால்..."

"ஏ.சி. விஷயம் அர்பாப் காதுக்குப் போனால் இந்த லேபே இருக்காது. நீயும் இருக்க மாட்டாய். க்ளீனர் வெளிக் கம்பெனி ஆள். அவர்கள் வேறு இடத்தில் போட்டுக்கொள்வார்கள். சுருக்கமாக மொழிபெயர், போதும்."

என் விசாவுக்குப் பொறுப்பான கஃபீலும் அர்பாப்தான். மகளுக்கு அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. இவற்றை எழுதுவது சாக்குச் சொல்வதற்காக அல்ல. அன்றைக்கு என் தலையில் இவைதான் ஓடின, வேறொன்றும் ஓடவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மனைவி, "என்ன மச்சான், வேலையில ஏதும் பிரச்சினையா?" என்றாள். இல்லை என்றேன்.

மறுநாள் கூட்ட அறையில் மேனேஜர், இன்சூரன்ஸ் மதிப்பீட்டாளர், லூச்சியா, நான், செல்வராசு. செல்வராசு சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

என்ன நடந்தது என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். என்னிடம் சொன்னதையே மறுபடி சொன்னார். "வெரல ஈரமாக்கித் தரையிலேருந்து ஒத்தி எடுத்தேன். தரையில கெடந்தத மட்டும்தான்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஈரக் கையால் ஒத்தி எடுத்ததாகச் சொல்கிறார்."

மதிப்பீட்டாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "எங்கிருந்து? ஓவியத்திலிருந்தா?"

மேனேஜர் தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூச்சியா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராசுவும் என்னைத்தான் பார்த்தார்.

"ஆமாம், ஓவியத்திலிருந்து" என்றேன்.

அவ்வளவுதான். பதினைந்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. வெளியே வரும்போது செல்வராசு, "என்ன பாய் சொன்னாங்க?" என்று கேட்டார். எழுதிக்கொண்டார்கள் என்றேன்.

லூச்சியா என் பின்னாலேயே லேபுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நைனா, அவர் உண்மையில் அப்படித்தான் சொன்னாரா?"

"அப்படித்தான் சொன்னார்."

"என்னிடம் கை குலுக்கியபோது தரையைத்தானே காட்டினார்?"

"தெரியவில்லை. நான் கவனிக்கவில்லை."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவே இல்லை.

ஒரு வாரத்துக்குள் செல்வராசுவின் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு இடத்தில் போடவில்லை. திரும்ப வர முடியாதபடி தடையும் விழுந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் என்னைத் தேடி லேப் வாசலுக்கு வந்தாராம். நான் உள்ளேதான் இருந்தேன். வேலையாக இருக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

உண்மையிலேயே வேலை இருந்தது. முதலில் மற்ற பகுதிகள் விழாமல் இருக்க, மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து முகப்பில் ஒட்டினோம். கத்தரித்தால் ஓரம் கூராக இருந்து தடம் பதியும், அதனால் கிழிக்க வேண்டும். சுருண்ட செதில்களுக்கு அடியில் ஊசியால் பசையை விட்டு, அது இளகியதும் வெதுவெதுப்பான சின்னக் கரண்டியால் அழுத்தி, மேலே மணல் பொட்டலங்களைப் பாரமாக வைத்தோம். ஒரு நாளைக்கு மூன்று விரல் அகலத்துக்கு மேல் போக முடியாது.

அதற்குப் பிறகு முகம். மூடியில் நாற்பத்தேழு துணுக்குகள் இருந்தன. பழைய புகைப்படத்தை அதே அளவில் அச்செடுத்து, அதன் மேல் கண்ணாடி விரித்து, ஒவ்வொரு துணுக்காக இடம் தேடினோம். நிறத்தை நம்ப முடியாது, கன்னமும் நெற்றியும் ஒரே நிறம். விரிசலின் ஓரத்தை உருப்பெருக்கியில் பார்த்து இணை தேட வேண்டும். சில நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒன்றுகூடச் சேராது. லூச்சியா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒருநாள் இடது கண்ணின் இமை சேர்ந்தது. வேறு சமயமாக இருந்தால் இருவரும் கத்தியிருப்போம். அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "துணுக்குகளில் ஒன்றுகூட உடைந்த புது ஓரம் இல்லை. இவ்வளவு கவனமாக நம் ஆட்களே எடுத்திருப்பார்களா என்று தெரியவில்லை" என்றார். நான் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நாற்பத்தொரு துணுக்குகள் இடம் சேர்ந்தன. ஆறு சேரவில்லை. இடைவெளிகளில் அசல்போல வரைந்து ஏமாற்றக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. நெருக்கமான நேர்க்கோடுகளால் நீர்வண்ணம் தீட்டுவோம். தூரத்தில் நின்றால் முகம் முழுமையாகத் தெரியும், கிட்டே வந்தால் எது பழையது, எது நாங்கள் போட்டது என்று யாரும் சொல்லிவிடலாம். அந்தக் கோடுகளைப் போட்டவன் நான். கோட்டில் அவ்வளவு நேர்மை.

லூச்சியா தன் அறிக்கையில் ஏ.சி. நின்றதையும், கருவியின் பதிவையும் எழுதினார். க்ளீனர் பற்றி, 'நான் பார்க்கவில்லை' என்று ஒரே வரி. அந்தக் கருவி சரிபார்க்கப்படாதது, அதன் பதிவு செல்லாது என்று மேனேஜர் பதில் எழுதினார். இரண்டாவது அறிக்கை ஒன்று வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். க்ளீனரின் கைதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தேன். பென்சிலில் எழுதிப் பார்க்கவில்லை, நேராகப் பேனாவில் எழுதினேன். வருடக் கடைசியில் லூச்சியாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. போகிற அன்று லேபில் எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது.

ஓவியத்தைத் திரும்பச் சுவரில் மாட்டியபோது பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வைத்தார்கள். 'துப்புரவுப் பணியின்போது நேர்ந்த விபத்தில் சேதமடைந்து, எமது வல்லுநர்களால் மீட்கப்பட்டது.' பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் டூட்டிக்குப் போனேன். அதோடு நிற்கவில்லை. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுவேன். முகம் இல்லாத படம், முகம் வந்த படம். "ஒரு க்ளீனரின் ஈரக் கை என்ன செய்துவிட்டது பாருங்கள்" என்பேன். பிள்ளைகள் 'அய்யோ' என்பார்கள். முதல் இரண்டு வருடம் அதைச் சொல்லும்போது நாக்கு வறண்டது. அப்புறம் பழகிவிட்டது. கடைசியில் எங்கே நிறுத்தினால் சபை அசந்துபோகும் என்று பார்த்துச் சொல்கிற அளவுக்குத் தேர்ச்சி வந்துவிட்டது.

கையேட்டுக்காக அந்த மின்னஞ்சல் வந்ததும், என் இடத்துக்கு வந்திருக்கும் புதிய தலைவருக்கு எழுதினேன். நடந்ததைச் சொல்லி, பலகையை மாற்றும்படி கேட்டேன். இரண்டே வரியில் பதில் வந்தது. அந்தக் கோப்பு முடிந்துபோன ஒன்று, நீங்கள் ஓய்வை அனுபவியுங்கள். லூச்சியாவுக்கு இன்னும் எழுதவில்லை. அவர் ஊரில் ஏதோ பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார் என்று கேள்வி. முதல் வரியை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இன்சூரன்ஸ் கோப்புக்காக எடுத்த செல்வராசுவின் பாஸ்போர்ட் நகல் என் பழைய தாள்களில் இருந்தது. விலாசத்தை வைத்துக்கொண்டு போன மாதம் கிளம்பினேன். அந்த ஊரில் விசாரித்ததற்கு, ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை பார்க்கிறார் என்றார்கள். மண்டபத்துக்குப் போனேன். உடம்பு இளைத்திருந்தது, முடி கொட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"பாய்! வாங்க, வாங்க. எப்ப வந்தீங்க?" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வாங்கி வரச் சொன்னார். வீட்டில் சௌக்கியமா, மகள் என்ன செய்கிறாள் என்றெல்லாம் விசாரித்தார். தான் திரும்பி வந்த பிறகு குவைத்துக்கும் கத்தாருக்கும் முயற்சி செய்ததாகவும், எங்கே போனாலும் பழைய கம்பெனியின் நன்னடத்தைப் பேப்பரைக் கேட்டதாகவும் சொன்னார். குறை சொல்கிற தொனியே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"செல்வராசு, அன்னைக்கு மீட்டிங்ல நீங்க சொன்னத நான் மாத்திச் சொல்லிட்டேன். தரைன்னு நீங்க சொன்னத விட்டுட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கே தெரியும் பாய்."

"என்ன தெரியும்?"

"ரெண்டு தடவ தரை, தரைன்னு சொன்னேன். நீங்க 'ஃப்ளோர்'னு ஒரு தடவகூடச் சொல்லல. 'வெட்'னு சொன்னீங்க, 'பெயின்டிங்'னு சொன்னீங்க. 'வெட் ஃப்ளோர்' போர்ட அந்த பில்டிங் பூரா தெனம் வெச்சு எடுத்தவன் நான். அந்த ரெண்டு வார்த்தையும் எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அங்கேயே வாயத் தொறக்கல?"

அவர் மிச்ச டீயைக் குடித்து முடித்தார்.

"நம்ம ஆளு. எதையோ மனசுல வெச்சு, என்னயக் காப்பாத்தத்தான் மாத்திச் சொல்றாருன்னு நெனச்சேன்."

மறுநாள் அங்கே ஒரு முகூர்த்தம். எழுந்து, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு, நாற்காலி அடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை.